இரவில் 38, பகலில் 1,300 மைக்ரோ விநாடி: சிஎன்சி கணினியில் தாமதம் எகிறுவது ஏன்?

3 பிப்ரவரி 2025, இரவு 10.15

இந்த மன்றத்தில் கேள்வியை நேராகவே வைக்கிறேன். கோவையில் உள்ள எங்கள் சிறிய பட்டறையில் ஒரு பழைய மில்லிங் மிஷினை லினக்ஸ்சிஎன்சிக்கு (கணினியால் மிஷினை ஓட்டும் மென்பொருள்) மாற்றி எட்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். கணினி, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட 3.2 கிகாஹெர்ட்ஸ், நான்கு கோர் மேசைக் கணினி. அதில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), அதற்குரிய நிகழ்நேரக் கர்னல் 6.1 (வேலையைக் குறித்த நேரத்தில் தொடங்கவைக்கும் மையப் பகுதி), லினக்ஸ்சிஎன்சி 2.9. மூன்று அச்சுகளுக்கும் ஏசி சர்வோ ட்ரைவ்கள் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டிகள்) உள்ளன. அவற்றை நகர்த்தும் பல்ஸைக் கணினி உருவாக்குவதில்லை. ஈதர்நெட் வழியே பேசும் எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் சிப்) கார்டுதான் உருவாக்குகிறது. கணினி செய்ய வேண்டியதெல்லாம் மில்லி விநாடிக்கு ஒரு முறை எழுந்து, அச்சுகள் எங்கே நிற்கின்றன என்று கார்டிடம் கேட்டு, அடுத்த வேகத்தைச் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்குவதுதான்.

மூன்று வாரங்களாக, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் நின்றுவிடுகிறது. இதைத் தவிர, ஃபினிஷிங் முடிந்த அலுமினியப் பிளேட்டில் எப்போதாவது ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. அது எண்ட்மில்லின் (வெட்டும் கருவி) பல் உடைந்ததால் என்று வைத்துக்கொண்டேன்.

கணினி எழுவதில் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கும் லேட்டன்சி-டெஸ்டை இரவு முழுவதும் ஓடவிட்டேன். சர்வோ த்ரெட்டின் (அந்த மில்லி விநாடி வேலையின்) உச்ச ஜிட்டர், அதாவது நேரப் பிசகு, 38,412 நானோ விநாடி, சுமார் 38 மைக்ரோ விநாடி. பாரலல் போர்ட்டில் நேரடியாகப் பல்ஸ் விடுபவர்களுக்கே 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மிக நன்று என்றும், 30 முதல் 50 வரை இருந்தாலும் ஓட்டலாம் என்றும் லினக்ஸ்சிஎன்சி ஆவணம் சொல்கிறது. எனக்கு இருப்பதோ 1,000 மைக்ரோ விநாடிச் சுற்று. அதில் 38 என்பது நான்கு சதவீதம்கூட இல்லை. எனவே என் கணினி நல்லது, கார்டுதான் கெட்டது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

6 பிப்ரவரி 2025

கேபிளை மாற்றச் சொன்ன நண்பருக்கு: மாற்றிவிட்டேன். ஷீல்டு உள்ள கேட்-6 கேபிள், ஐந்து மீட்டர். பழைய கேபிள் போன வழியிலேயே இழுத்துப் பொருத்தினேன். இன்று காலை மறுபடியும் நின்றது. ஆகவே கேபிள் இல்லை.

9 பிப்ரவரி 2025

நிற்கும்போது திரையில் என்ன செய்தி வருகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்கும்போதுதான் உறைத்தது, எனக்கு அது தெரியாது. மிஷினில் நிற்கும் தம்பியிடம் கேட்டால், "நின்னுபோச்சு அண்ணா, ஓகே குடுத்துட்டுத் திருப்பி ஓட விட்டேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது; நான் எழுதி வைக்கச் சொல்லவே இல்லை. இன்று ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் சணல் கயிற்றில் கட்டிப் பேனல் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். நேரம், செய்தியின் முதல் வரி, அந்த நொடியில் மிஷின் என்ன செய்துகொண்டிருந்தது ஆகிய மூன்றையும் எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

16 பிப்ரவரி 2025, காலை

முதல் பதிவில் நான் பெருமையாக எழுதிய 38-ஐத் திரும்பப் பெறுகிறேன். அந்தச் சோதனை ஓடிய இரவில் பட்டறை பூட்டிக் கிடந்தது, மானிட்டர் அணைந்திருந்தது, கணினிக்குச் செய்ய வேறு வேலையே இல்லை. தூங்குகிறவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மலை ஏறலாம் என்று சான்றிதழ் கொடுத்தது போன்ற காரியம்.

இன்று விடுமுறை என்பதால், ஒரு பக்கம் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் (பல்சக்கரங்கள் சுழலும் வரைகலைச் சோதனை) மூன்று சன்னல்களில் சுழல, இன்னொரு பக்கம் பெரிய கோப்பு ஒன்று பென்டிரைவிலிருந்து நகலாகிக்கொண்டிருக்க, தாமதங்களை வரைபடமாகக் காட்டும் லேட்டன்சி-ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு நானே சன்னல்களை அங்குமிங்கும் இழுத்தேன். உச்சம் 112 மைக்ரோ விநாடிக்குப் போனது. வரைபடத்தின் நடுவில் கூம்பு அப்படியேதான் இருக்கிறது. வலது ஓரத்தில் மட்டும், வரிசையில் பின்தங்கிய பிள்ளைகளைப் போல, ஒற்றை ஒற்றையாகச் சில கோடுகள் நிற்கின்றன. சராசரியைப் பார்க்கிறவருக்கு அவை இருப்பதே தெரியாது. ஆயினும் 112 மைக்ரோ விநாடிக்காக ஒரு மிஷின் நிற்க வேண்டியதில்லை.

19 பிப்ரவரி 2025

ஒரு கோரைத் தனியாக ஒதுக்கும் ஐசோல்சிபியூஸ் போடாமல் ஏன் புலம்புகிறீர் என்று கேட்டவருக்கு நன்றி. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்-த்ரெடிங்கை அணைத்துவிட்டு, கர்னலின் தொடக்க வரியில் ஐசோல்சிபியூஸ்=3 என்று சேர்த்து, கர்னலின் பின்னணி வேலைகளைக் குறைக்க அதே கோருக்கு நோஹெர்ட்ஸ்_ஃபுல், ஆர்சியூ_நோசிபிஸ் இரண்டையும் கொடுத்து, குறுக்கீடுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸையும் நீக்கினேன். கடைசிக் கோரில்தான் லினக்ஸ்சிஎன்சி தன் நிகழ்நேர த்ரெட்டை உட்காரவைக்கிறது. இப்போது அந்த அறையில் அதற்கு மட்டுமே சாவி. அதே பளுவில் 112 என்பது 41 ஆனது.

தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

22 பிப்ரவரி 2025

தீரவில்லை. காலை 11.20, அப்புறம் பிற்பகல் 3.05.

2 மார்ச் 2025

இந்த வாரம் முழுவதும் பிராசசரின் தூக்கத்தைப் பற்றிப் படித்தேன். வேலை இல்லாத கணத்தில் பிராசசர் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சி-ஸ்டேட் என்ற படிகளில் ஒவ்வொன்றாக இறங்குகிறது. எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு நேரம் மேலே ஏறிவரவும் ஆகும். அலுவலகக் கணினிக்கு இது நல்ல குணம். மில்லி விநாடிக்கு ஒரு முறை துள்ளி எழ வேண்டிய கணினிக்கு இது சோம்பல். எனவே கர்னல் வரியில் ஐடில்=போல் சேர்த்தேன்; இனி எந்தக் கோரும் தூங்காது, வேலை இல்லாவிட்டாலும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பயாஸில் பிராசசரின் வேகத்தைத் தானாக மாற்றும் ஸ்பீட்ஸ்டெப்பையும் டர்போவையும் அணைத்தேன்.

காலையில் இரண்டு மணி நேரம், முழுப் பளுவில், உச்சம் 14 மைக்ரோ விநாடி. இந்த எண்ணை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

13 மார்ச் 2025, இரவு

ஃப்ரேமைக் கழற்றிவிட்டேன். இந்த வாரம் மட்டும் ஐந்து தடவை நின்றது; முன்னைவிட மோசம். ஆனால் நோட்டு இப்போது பேச ஆரம்பித்திருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதப் பதிவுகளையும் இரண்டு வண்ணப் பேனாவால் பிரித்தபோது, நான் இத்தனை நாளும் ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோய்கள் என்று தெரிந்தது.

பதினொரு பதிவுகளில் ஏழு, ஃபாலோயிங் எரர் (அச்சு இருக்க வேண்டிய இடத்திலிருந்து எல்லை மீறி விலகியது). அந்த ஏழும் ஜி0 ரேபிட் நகர்வின்போது (வெட்டாமல் முழு வேகத்தில் போகும்போது) வந்தவை. இந்த வாரத்தின் ஐந்தும் அதில் அடக்கம். அந்த ஐந்துமே பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வந்தவை. மீதி நான்கு, கார்டிலிருந்து படிக்க முடியவில்லை என்ற பிழை. அவை காலை, மாலை என்று சிதறிக் கிடக்கின்றன, ஆனால் ஒன்றுகூட ரேபிட்டில் வரவில்லை. நான்கில் மூன்றுக்கு எதிரே தம்பி "ஸ்பிண்டில் நிக்கும்போது" (ஸ்பிண்டில் என்பது கட்டரைச் சுழற்றும் தண்டு) என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு செய்தியும் நோட்டில் இருக்கிறது: "எதிர்பாராத நிகழ்நேரத் தாமதம்" என்ற பொருளில் வரும் அந்த எச்சரிக்கை. அது பல நாட்களில் பகலில் ஒரே ஒரு தடவை மட்டும் வந்திருப்பதால் நான் பொருட்படுத்தவில்லை. லினக்ஸ்சிஎன்சியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை அந்த எச்சரிக்கை ஒரு முறைதான் காட்டப்படும், அதன் பிறகு நூறு தடவை தாமதமானாலும் வாய் திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டபோது, ஒன்று என்பது ஒன்றல்ல, "ஒன்றோ அதற்கு மேலோ" என்று புரிந்தது.

14 மார்ச் 2025

ரேபிட்டில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. என் ரேபிட் நிமிடத்துக்கு 9,000 மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 150. கணினி எழுந்திருக்கத் தாமதமானாலும் கார்டு கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே பல்ஸ் விட்டுக்கொண்டிருக்கும். ஒரு மில்லி விநாடி தாமதமானால் அச்சு 0.15 மில்லிமீட்டர் முன்னே போய் நிற்கிறது. நான் ரேபிட்டுக்கு வைத்திருக்கும் ஃபாலோயிங் எரர் எல்லையும் 0.15 தான். கணினி கண் விழித்துப் பார்த்து, "நீ ஏன் அங்கே நிற்கிறாய்?" என்று மிஷினை நிறுத்திவிடுகிறது.

வெட்டும்போது நிமிடத்துக்கு 900 தான், விநாடிக்கு 15. அதே மில்லி விநாடியில் 15 மைக்ரான் மட்டுமே விலகும். எல்லைக்குள் என்பதால் மிஷின் நிற்காது. ஆனால் கட்டர் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கித் திரும்பியிருக்கும். முதல் பதிவில் சொன்ன மெல்லிய கோடு எண்ட்மில்லின் குற்றமல்ல. இரண்டு எண்ட்மில்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

எல்லையை 0.5 ஆக்கிவிட்டால் நிற்காதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிற்காது. கோடு மட்டும் இருக்கும்.

20 மார்ச் 2025

கர்னலைப் புதுப்பிக்கச் சொல்பவர்களுக்கு: நிகழ்நேரத் திருத்தம் பல ஆண்டுகள் தனி ஒட்டாகவே (பேட்ச்) இருந்து, 2024 செப்டம்பரில் மூலக் கர்னலில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 6.12 பதிப்பில் வந்துவிட்டது உண்மைதான். அது கொண்டாட வேண்டிய செய்தியும்கூட. ஆனால் என் சிக்கல் கர்னலுக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

எஸ்எம்ஐ என்ற ஒரு குறுக்கீடு உண்டு. மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கு (அதிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஏதாவது வேலை வந்தால் அது பிராசசரை ஒரு தனி நிலைக்கு இழுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திருப்பி விடுகிறது. லினக்ஸுக்கு இது தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கும்போது நேரம் தாவியிருப்பது மட்டும்தான் தெரியும். எல்லாக் கோர்களும் ஒன்றாக உள்ளே இழுக்கப்படுவதால், ஐசோல்சிபியூஸ் போட்டு ஒதுக்கிய கோருக்கும் விலக்கு இல்லை. அறையின் சாவி நம்மிடம் இருக்கலாம், வீட்டுக்காரர் ஃபர்ம்வேர்தான்.

பிடிப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டேன். ஆர்டி-டெஸ்ட்ஸ் தொகுப்பில் வரும் ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட், குறுக்கீடுகளை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்; நேரம் தாவினால் அது கர்னலின் வேலையாக இருக்க முடியாது. (அது ஓடும்போது மிஷினுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், அந்தச் சோதனையே ஒரு தாமதம்.) இரண்டாவது, இன்டெல் பிராசசர்களில் 0x34 என்ற பதிவேடு (பிராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்) எத்தனை எஸ்எம்ஐ வந்தது என்று எண்ணி வைத்திருக்கும், ஆர்டிஎம்எஸ்ஆர் என்ற கட்டளை கொண்டு அதைப் படிக்கலாம்.

காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடத்தில் எண்ணிக்கை 2 கூடியது. பிற்பகல் மூன்று மணிக்கு அதே பத்து நிமிடத்தில் 61 கூடியது. அப்போது ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட் காட்டிய உச்சம் 1,310 மைக்ரோ விநாடி.

23 மார்ச் 2025

பிற்பகலில் மட்டும் ஏன்? கணினி இருப்பது ட்ரைவ்களோடு சேர்த்து மூடிய பேனலுக்குள். மார்ச் மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பேனலைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. வெப்பம் ஏறினால் ஃபேனின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தப் போர்டில் ஃபர்ம்வேரின் பொறுப்பு. அது ஒவ்வொரு முறை ஃபேனைத் தொடும்போதும் ஓர் எஸ்எம்ஐ. இதை ஊகமாகத்தான் தொடங்கினேன். பேனல் கதவைத் திறந்து ஒரு பெடஸ்டல் ஃபேனை எதிரே வைத்தபோது 61 என்பது 9 ஆக இறங்கியதால் நம்புகிறேன்.

இப்போது வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. மார்ச் 2 அன்று நான் ஃப்ரேம் போட நினைத்த ஐடில்=போல், நான்கு கோர்களையும் இரவும் பகலும் வெறுமனே ஓடவிட்டுப் பிராசசரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. சூடு கூடக் கூட ஃபர்ம்வேர் ஃபேனைத் தொட்டது. தொட்டபோதெல்லாம் மிஷின் நின்றது. காலைக் குளிரில் 14 மைக்ரோ விநாடி காட்டிய அதே மருந்துதான் பிற்பகலில் நோயை வளர்த்திருக்கிறது.

இன்று செய்தவை: ஐடில்=போலை எடுத்துவிட்டு, சி-ஸ்டேட்டை முதல் படியோடு நிறுத்தினேன். பயாஸில் ஃபேனை எப்போதும் முழு வேகம் என்று வைத்தேன். யூஎஸ்பி லெகசி சப்போர்ட்டையும் அணைத்தேன். யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய பிஎஸ்/2 விசைப்பலகை போலப் பாவனை காட்டுவதும் எஸ்எம்ஐ மூலம்தான் நடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவேட்டின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. சர்வோ த்ரெட்டின் உச்சம் 23 மைக்ரோ விநாடி. 14-ஐவிட அதிகம் என்று வருந்த மாட்டேன். ஃபேன் மட்டும் மாவு மில் போலச் சத்தம் போடுகிறது.

24 மார்ச் 2025

எஸ்எம்ஐ முழுவதையும் மென்பொருளால் அடைத்துவிட முடியாதா என்று கேட்டவருக்கு. சில சிப்செட்டுகளில் முடியும். பழைய ஆர்டிஏஐ (லினக்ஸுக்கான முந்தைய நிகழ்நேர நீட்சி) காலத்தில் அதற்கென்றே ஒரு மாட்யூல் இருந்தது. நான் செய்யவில்லை. பிராசசர் அளவு மீறிச் சூடானால் காப்பாற்றும் வேலையும் அதே வாசல் வழியாக வரக்கூடும். எந்த வேலைக்காக வருகிறது என்று தெரிந்து அந்த வேலையை நிறுத்துவது வேறு, வாசலைச் சுவர் வைத்து அடைப்பது வேறு.

11 ஏப்ரல் 2025

மூன்று வாரமாக ஃபாலோயிங் எரர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டாவது நோய் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை படிப்புப் பிழை. இதையும் தாமதம் என்றே நினைத்துத் தேடியதில் ஒரு வாரம் போயிற்று.

கார்டைப் படிக்க ஆன அதிகபட்ச நேரத்தைக் காட்டும் ரீட்.டிமேக்ஸ் என்ற அளவைப் பார்த்தேன். அது பிராசசர் துடிப்புகளில் இருப்பதால் 3.2 கிகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். வழக்கமான வாசிப்பு 4,80,000, அதாவது 150 மைக்ரோ விநாடி. பிழை வந்த நாளில் 29,00,000, அதாவது 906. இதோ தாமதம் என்று குதித்தேன். பிறகுதான் கவனித்தேன்: சுற்றின் எண்பது சதவீதம், அதாவது 800 மைக்ரோ விநாடி பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் கார்டோடு பேசும் ட்ரைவர் மென்பொருள் தானே கைவிட்டுவிடும். எனவே 906 என்பது பதில் வர எடுத்துக்கொண்ட நேரம் அல்ல. ட்ரைவரின் பொறுமையின் அளவு. பதில் ஒரு மில்லி விநாடியில் வந்திருந்தாலும், வராமலே போயிருந்தாலும் அதே எண்தான் தெரியும்.

தவிர, ஒரு பாக்கெட் தவறினால் மிஷின் நிற்பதில்லை. தவறும்போது பிழைக் கணக்கு இரண்டு கூடுகிறது, சரியாக வரும்போது ஒன்று குறைகிறது, பத்தைத் தொட்டால்தான் நிறுத்தம். குறைந்தது ஐந்து தவற வேண்டும், அதுவும் ஏறக்குறையத் தொடர்ந்து. எழுந்திருக்கத் தாமதமான கணினி இப்படித் தொடர்ந்து ஐந்து பதிலைத் தவறவிடாது. பேச்சே அறுந்திருக்க வேண்டும்.

கர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜைத் திறந்தேன். நோட்டில் தம்பி எழுதிய நேரத்துக்கு நேராக, லிங்க் இஸ் டவுன் (ஈதர்நெட் இணைப்பு அறுந்தது). அடுத்த வரியில் லிங்க் இஸ் அப். பிப்ரவரியிலேயே பார்த்திருக்க வேண்டிய இடம். மைக்ரோ விநாடிகளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு முழு விநாடிகள் கண்ணில் படவில்லை.

13 ஏப்ரல் 2025

பிப்ரவரி 6 அன்று "ஆகவே கேபிள் இல்லை" என்று எழுதியதை அடித்துவிடுங்கள். புதுக் கேபிளைப் பழைய டக்ட் வழியாகவே இழுத்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். அந்த டக்ட்டில் அதனோடு உடன் போவது, விஎஃப்டியிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகும் கேபிள். ஸ்பிண்டில் பிரேக் பிடித்து நிற்கும் நேரத்தில் அதில் என்ன இரைச்சல் இருக்கும் என்று யோசிக்காமல், மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டையும் ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். போதாததற்கு, கேபிளில்தான் ஷீல்டு இருந்தது. முனையில் நான் கிரிம்ப் செய்தது பிளாஸ்டிக் பிளக். ஷீல்டு எங்கும் எர்த்தைத் தொடவே இல்லை.

இன்று பேனலின் எதிர்ப்பக்கம் தனித் துளை போட்டு, ஒன்றரை மீட்டர் கேபிளை நேராகக் கொண்டுபோனேன். விஎஃப்டி கேபிளின் ஷீல்டை இரு முனைகளிலும் கிளாம்ப் வைத்து எர்த் செய்தேன். ஸ்பிண்டிலை 200 தடவை ஓட்டி நிறுத்தும் ஒரு சிறு புரோகிராமை எழுதி ஓடவிட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிமெஸ்ஜில் ஒரு வரிகூட இல்லை.

8 ஜூன் 2025

கேட்டவர்களுக்காக: எட்டு வாரமாக நிற்கவில்லை. கார்டு நல்ல கார்டு. அதன்மேல் முதல் நாள் நான் சுமத்திய பழியை வாபஸ் வாங்குகிறேன். 0x34 பதிவேட்டைக் காலையும் பிற்பகலும் படித்து ஒரு கோப்பில் எழுதும் சிறு நிரல் இன்னும் ஓடுகிறது. மே மாத உச்ச வெயிலில் ஒரே ஒரு நாள் 1 கூடியிருந்தது. எதற்காக என்று கண்டுபிடிக்கவில்லை, அன்று மிஷின் நிற்கவும் இல்லை.

நோட்டு நிரம்பிவிட்டது. இரண்டாவது நோட்டைத் தம்பியே வாங்கி வந்து கட்டியிருக்கிறார். முதல் பக்கத்தில் ஃபேன் சத்தத்தைப் பற்றிய புகார் இருக்கிறது.